தண்டனையின் அளவு: வத்தலக்குண்டுக்காரர் ஒருவரின் அப்பீல்

கிரிமினல் வழக்கு ஒன்றில் 'இவன் குற்றம் செய்தானா' என்ற கேள்விக்கு விடை காண்பதற்காகச் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி, குறுக்கு விசாரணை நடத்தி, பிரேதப் பரிசோதனைச் சான்றின் ஒவ்வொரு வரியையும் அலசி, ஆண்டுக்கணக்கில் காலத்தைச் செலவிடும் நம் நியாயஸ்தலங்கள், 'செய்தான் என்றால் அவனுக்கு எவ்வளவு தண்டனை' என்ற இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் ஒரே பிற்பகலில் முடித்துவிடுகின்றன. சிறைக்குப் போகிறவனுக்கும் அவன் வீட்டாருக்கும் இந்த இரண்டாவது கேள்வியே வாழ்வைத் தீர்மானிப்பது. மூன்று வருஷத்தில் திரும்புகிற தகப்பன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் காண்பான், பதினான்கு வருஷம் கழித்துத் திரும்புகிறவன் அவர்களைக் கல்யாணக் கோலத்தில்கூடக் காணாமற் போகலாம்.

வக்கீல்களும் இந்த அலட்சியத்துக்குப் புறம்பானவர்கள் அல்லர். திண்டுக்கல் ஸெஷன்ஸ் கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட ஒருவருக்காக மதுரையில் தாக்கல் செய்யப்படும் அப்பீல் மனு ஒன்றை எடுத்துப் பார்த்தால், காரணங்கள் எண்ணிட்டு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும்: முதல் தகவல் அறிக்கை கோர்ட்டுக்குத் தாமதமாக வந்தது, கண்ணால் கண்ட சாட்சி இறந்தவருக்கு உறவினர், கைப்பற்றிய அரிவாளில் ரத்தப் பிரிவு நிரூபிக்கப்படவில்லை என்று பக்கங்கள் நீண்டுகொண்டே போய், எல்லாம் முடிந்தபின், 'எவ்வாறாயினும் விதிக்கப்பட்ட தண்டனை மிகக் கடுமையானது' என்று ஒற்றை வரி கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வரிக்கு ஆதாரமாக மனுதாரரின் வயது, குடும்பம், முன்நடத்தை, சிறையில் அவர் நடந்துகொண்ட விதம் ஆகிய எதுவும் அதன் கீழே எழுதப்பட்டிருப்பது அபூர்வம். விடுதலையே கிடைக்கும் என்று நம்பி வாதாடுகிறவர், தண்டனையைக் குறைக்கும்படி கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ என்று தயங்குகிறார். அந்தத் தயக்கத்துக்குச் சட்டத்தில் ஆதாரமில்லை. சரித்திரத்திலோ நேர்மாறான ஆதாரம் உண்டு. அது திண்டுக்கல் சீமையோடு தொடர்புடையதாகவும் இருக்கிறது.

இந்தச் சீமை அப்பீலே இல்லாத காலத்தையும் கண்டதுதான். கும்பினியாரை எதிர்த்துப் பாளையக்காரர்களைத் திரட்டிய விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801-இல் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டபோது, அந்தத் தண்டனை தகுமா, குறைவாக ஒன்று போதாதா என்று கேட்பதற்கு மேலே ஓர் இடம் இருக்கவில்லை, பிடித்தவர்களே தண்டித்தவர்கள். அறுபது ஆண்டுகள் கழித்து, 1861-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், 1862-இல் சென்னை ஹைகோர்ட்டும் தோன்றிய பின்னர், மாவட்ட நீதிபதி விதித்த தண்டனையை ஒழுங்காகச் சீர்தூக்கும் மேலிடம் ஒன்று தென்னாட்டு மக்களுக்கு வாய்த்தது.

இதில் ஒரு விந்தை உண்டு. நமக்கு இந்த முறையைக் கொண்டுவந்த ஆங்கிலேயர், தம் சொந்த நாட்டில் ஜூரியால் தண்டிக்கப்பட்ட ஒருவனுக்குத் தண்டனையின் அளவை எதிர்த்து முறையிடும் பொதுவான உரிமையை அதற்குப் பின் வெகுகாலம் வரை தரவில்லை. செய்யாத குற்றத்துக்காக 1896-இலும் மறுபடி 1904-இலும் குற்றவாளியென்று தீர்க்கப்பட்ட அடால்ஃப் பெக் என்பவரின் கதை நாட்டையே உலுக்கியதன் பிறகுதான், 1907-இல் கிரிமினல் அப்பீல் கோர்ட்டை நிறுவும் சட்டம் லண்டனில் நிறைவேறி, 1908-இல் அந்தக் கோர்ட் வேலையைத் தொடங்கிற்று. அங்கேயும் தண்டனையை எதிர்த்து வந்தவனுக்கு அதை அதிகப்படுத்தி அனுப்பும் அதிகாரம் நீதிபதிகளிடம் 1966 வரை இருந்தது. கேட்கப் போனவன் கூடுதலாகச் சுமந்து திரும்பக்கூடும் என்ற நிலையில், கேட்பவர் எத்தனை பேர் இருப்பர்?

அதே 1908-ஆம் ஆண்டில்தான் வத்தலக்குண்டில் பிறந்த ஓர் இளைஞரின் அப்பீல் சென்னை ஹைகோர்ட்டின் முன் வந்தது.

சுப்பிரமணிய சிவா 1884 அக்டோபர் 4-ஆம் தேதி, கொடைக்கானல் மலையடிவாரத்து வத்தலக்குண்டில் பிறந்தவர். அப்போது அது மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்தது, திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-இல். தகப்பனார் பெயர் ராஜம் ஐயர். (அதே ஊரில் பிறந்து 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிப் புகழ்பெற்ற ராஜம் ஐயர் வேறொருவர், இருவரையும் குழப்பிக்கொள்வோர் இன்றும் உண்டு.) துறவிபோல் ஊர் ஊராகத் திரிந்து பிரசங்கம் செய்துவந்த சிவா, 1908-இன் தொடக்கத்தில் தூத்துக்குடி வந்து, வக்கீலும் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியவருமான வ. உ. சிதம்பரம் பிள்ளையின் ஆதரவில் தங்கினார். பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர், இருவரும் அவர்களிடையே பேசினர், கூலி உயர்ந்தது, மார்ச் 12-ஆம் தேதி இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டு, அரசாங்கக் கட்டடங்கள் தாக்கப்பட்டு, போலீஸார் சுட்டதில் நால்வர் மாண்டனர்.

வழக்கை விசாரித்த ஸெஷன்ஸ் நீதிபதி பின்ஹே, 1908 ஜூலை 7-ஆம் தேதி தீர்ப்பளித்தார். ராஜத்துரோகப் பிரிவாகிய 124-ஏ-யின் கீழ் சிவாவுக்குப் பத்து வருஷத் தீவாந்தரம். சிதம்பரம் பிள்ளைக்கு அவருடைய பிரசங்கத்துக்காக ஓர் ஆயுள் தீவாந்தரம். சிவாவுக்கு இடமும் உணவும் கொடுத்து உதவியதற்காக இன்னோர் ஆயுள் தீவாந்தரம். வத்தலக்குண்டிலிருந்து வந்த விருந்தாளிக்குச் சோறு போட்டவருக்கு, அந்த விருந்தாளியைவிட இருமடங்கு தண்டனை!

அன்றைய 124-ஏ பிரிவை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். வெறும் அபராதம் விதிக்கலாம். மூன்று வருஷம் வரை சிறைவாசம் விதிக்கலாம். ஆயுள் முழுவதற்குமோ அதற்குக் குறைந்த எந்தக் காலத்துக்குமோ கடல் கடத்தலாம். அபராதத்துக்கும் ஆயுளுக்கும் இடையில் எங்கே நிற்பது என்பதற்குச் சட்டம் ஒரு சொல்கூட வழிகாட்டவில்லை. முழுவதும் ஒரு மனிதரின் விவேகத்துக்கு விடப்பட்டிருந்தது. அந்த விவேகம் எவ்வாறு வேலை செய்தது என்பதற்குப் பின்ஹே சொன்னவையாகச் சரித்திர நூல்கள் எடுத்துக்காட்டும் காரணங்களே சான்று: தண்டனையின் முதல் நோக்கம் குற்றவாளியை மட்டுமின்றி அவனைப் பின்பற்ற நினைக்கும் பிறரையும் அச்சுறுத்துவது; மற்ற மாகாணங்களில் சில மாதமோ ஓரிரு வருஷமோ விதித்தது இடமறியாத இரக்கம்; கைதுக்குப் பின் நடந்த கலவரத்தை அடக்குகையில் போன உயிர்களுக்கும் இவர்களே தார்மிகப் பொறுப்பாளிகள்.

இந்த மூன்றாவது காரணத்தின்மேல் சற்று நிற்கத்தான் வேண்டும். நால்வர் இறந்தபோது இவர்கள் காவலில் இருந்தார்கள், சுட்டவர்கள் போலீஸார், கொலைக்கோ கலகத்துக்கோ இவர்கள்மேல் சாட்டப்பட்ட குற்றம் எதுவுமில்லை. குற்றச்சாட்டில் இல்லாதது, சாட்சியத்தால் நிரூபிக்கப்படாதது, தண்டனையை எடைபோடும் கட்டத்தில் பின்வாசல் வழியாக உள்ளே வந்து தராசில் உட்கார்ந்துகொண்டது. தண்டனை மிதமிஞ்சிப்போவதற்குக் கருணையின்மையைக் காரணமாகச் சொல்வது எளிது. என் அபிப்பிராயத்தில், சொல்லப்படாத வேறொரு குற்றத்துக்குச் சேர்த்துத் தண்டிப்பதே அதன் மிகப் பழைய காரணம். இன்றைய தீர்ப்புகளைப் படிக்கிறவர்களும் இந்தக் கண்கொண்டு படித்துப் பார்க்கலாம்.

அப்பீலைக் கேட்டவர்கள் பிரதம நீதிபதி ஆர்னால்டு ஒயிட்டும் நீதிபதி மில்லரும். 1908 நவம்பரில் அவர்கள் கொடுத்த தீர்ப்பு இரு திசையிலும் பார்ப்பது. பிரசங்கங்கள் ராஜத்துரோகமே என்று கீழ்க்கோர்ட் கண்ட முடிவை அவர்கள் அசைக்கவில்லை, குற்றத்தீர்ப்பு நின்றது. ஆனால் தண்டனை நிற்கவில்லை. ஆயுள் ஆறு வருஷமாயிற்று. சிவாவின் பத்து வருஷமும் ஆறு வருஷமாயிற்று. ஏகாதிபத்தியத்தின் நீதிபதிகள், ஏகாதிபத்தியத்தை எதிர்த்தவர்கள் குற்றவாளிகளே என்று உறுதி செய்துகொண்டே, அந்தக் குற்றத்துக்கு இவ்வளவு தண்டனை தகாது என்று சொன்னார்கள். குற்றம் மெய்யாயிருப்பதும் தண்டனை அநியாயமாயிருப்பதும் ஒரே வழக்கில் ஒருங்கே இருக்கக்கூடும் என்பதற்குத் தமிழ்நாட்டு நீதி வரலாற்றில் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆறு என்ற எண் எங்கிருந்து வந்தது? பின்ஹே தீர்ப்புச் சொன்ன பதினைந்தாம் நாள், ஜூலை 22-ஆம் தேதி, பம்பாய் ஹைகோர்ட்டில் நீதிபதி தாவர் பால கங்காதர திலகருக்கு அதே பிரிவின் கீழ் ஆறு வருஷத் தீவாந்தரம் விதித்திருந்தார். தேசத்தின் முதல் தலைவருக்கு ஆறு என்றால் தூத்துக்குடிப் பிரசங்கிகளுக்கு அதற்கு மேல் எவ்வாறு விதிப்பது என்ற எண்ணம் சென்னை நீதிபதிகளின் மனத்தில் ஓடியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஊகம் என்ற அளவிலேயே அதை வாசகர் கொள்வாராக. திலகருக்கோ, ஹைகோர்ட்டே நேராக விசாரித்துவிட்டபடியால், தண்டனை கடுமை என்று முறையிடச் சாதாரணமான அப்பீல் வழியே இருக்கவில்லை. மாவட்டக் கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட வத்தலக்குண்டுக்காரருக்கு இருந்த உரிமை, மாகாணத் தலைநகரில் தண்டிக்கப்பட்ட லோகமான்ய திலகருக்கு இல்லை.

லண்டனிலும் இந்தத் தண்டனை சங்கடத்தை உண்டாக்கிற்று. அப்போது இந்தியா மந்திரியாயிருந்த ஜான் மார்லி, வைஸ்ராய் மிண்டோவுக்கு எழுதிய கடிதங்களில், திருநெல்வேலித் தண்டனைகளைத் தம்மால் ஆதரித்துப் பேச இயலாதென்றும், ஒழுங்கைக் காக்க வேண்டியது அவசியமாயினும் மிதமிஞ்சிய கடுமை ஒழுங்குக்கு இட்டுச் செல்லாது, வெடிகுண்டுக்கே இட்டுச் செல்லும் என்றும் எச்சரித்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே வெளியிட்டிருக்கிறார். 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். ஒன்றுக்கு மற்றொன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. மார்லி தீர்க்கதரிசனமாய்ப் பேசினார் என்பது மட்டும் மறுக்க முடியாதது.

குறைக்கப்பட்ட தண்டனையும் லேசான தண்டனை அன்று. சிவா 1912-இல் விடுதலையானபோது சிறையில் பற்றிய தொழுநோயோடு வெளியே வந்தார். நாற்பத்தோரு வயதுகூட நிரம்பாமல் 1925 ஜூலை 23-ஆம் தேதி பாப்பாரப்பட்டியில் காலமானார். நீதிபதி ஏட்டில் எழுதுவது வருஷங்களின் எண்ணிக்கையை. கைதி அனுபவிப்பது அதற்குமேல் பலவற்றை.

சிதம்பரம் பிள்ளைக்கு விதித்த இரட்டை ஆயுளுக்கு வருவோம். ஒரு மனிதனுக்கு இரண்டு ஆயுள் ஏது என்று பாமரனும் கேட்கும் கேள்விக்கு நம் நாட்டின் உச்சநீதிமன்றம் திட்டவட்டமான விடை சொல்ல 2016 ஜூலை வரை ஆயிற்று. தமிழ்நாட்டிலிருந்து சென்ற முத்துராமலிங்கம் வழக்கில், பல கொலைகளுக்குப் பல ஆயுள் தண்டனைகள் விதித்து அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்று கீழே உத்தரவிட்டிருந்ததை எதிர்த்து முறையிட்டார்கள். ஆயுள் தண்டனை என்பது மிஞ்சிய ஆயுள் முழுவதும் என்று பொருள்படுவதால், பல ஆயுள்களை விதிக்கலாமே தவிர ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும்படி விதிக்க முடியாது என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. தண்டனையைப் பற்றிய கேள்வி ஒன்று சட்டத்தையே தெளிவாக்கிய சந்தர்ப்பம் அது.

1973-ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டம், குற்றவாளி என்று தீர்மானித்தபின் தண்டனையைப் பற்றி அவனைத் தனியாகக் கேட்டாக வேண்டும் என்ற விதியைப் புகுத்திற்று; 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்திலும் 258-ஆம் பிரிவில் அது இருக்கிறது. இது வெறும் சடங்கன்று, வேண்டிய சான்றுகளைக் கொண்டுவர அவகாசம் தரும் உண்மையான விசாரணை என்று 1976-இல் சாந்தா சிங் வழக்கிலேயே உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. எனினும் நடப்பது என்ன? 'குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டிருக்கிறீர், தண்டனை குறித்து என்ன சொல்கிறீர்?' என்று நீதிபதி கேட்பார். கூண்டில் நிற்பவன் இன்னும் முதல் வாக்கியத்தின் அதிர்ச்சியிலிருந்தே மீண்டிருக்க மாட்டான். 'வயசான தாயார் இருக்காங்க, சின்னப் பிள்ளைங்க இருக்கு, குறைச்சுப் போடுங்கய்யா' என்பான். அந்த இரண்டு வரி தீர்ப்பில் ஏறும். அடுத்த வரியில், குற்றத்தின் தன்மையைக் கருதி அது ஏற்கப்படவில்லை என்று ஏறும். மதிய உணவுக்குப் பின் வாரண்டு தயாராகும். நிலக்கோட்டையானாலும் வேடசந்தூரானாலும் பழனியானாலும், பிற மாநிலத்து ஊர்களானாலும், ஏறக்குறைய இதே வார்த்தைகள்.

மரண தண்டனை வழக்குகளில் மட்டும் இப்போது கவனம் கூடியிருக்கிறது. 2022-இல் மனோஜ் என்பவரின் வழக்கில், கைதியின் சிறை நடத்தை, மனநிலை, குடும்பப் பின்னணி பற்றிய அறிக்கைகளை விசாரணைக் கோர்ட்டே வரவழைக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் பணித்தது. அந்தக் கவனம் இல்லாத காலத்தில் நேர்ந்ததற்கு இம்மாவட்டத்தோடு சம்பந்தப்பட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. கொடைக்கானல் ஹோட்டல் வழக்கில் முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு 2000 பிப்ரவரி 2-ஆம் தேதி ஓராண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. 2001-இல் அவர் அப்பீலில் விடுதலை பெற்றார். ஆனால் தண்டனைத் தீர்ப்பு வந்த அன்றே, அதை எதிர்த்துத் தர்மபுரி அருகே கலவரம் செய்த கும்பல் பஸ் ஒன்றுக்குத் தீ வைத்ததில் வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியர் மூவர் கருகி மாண்டனர். குற்றவாளிகளில் மூவருக்கு 2007-இல் சேலம் கோர்ட் விதித்த தூக்கை ஹைகோர்ட்டும், 2010-இல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தன. 2016 மார்ச்சில், மறுஆய்வு மனுவில், திட்டமிட்டுக் கொன்றவர்கள் அல்லர், கும்பலின் வெறியில் மதியிழந்தவர்கள், முன்பு குற்றம் புரிந்தவர்கள் அல்லர் என்ற காரணங்களால் தூக்கு ஆயுளாயிற்று. அந்தப் பெண்களைப் பெற்றவர்களின் துயரை நினைக்கும்போது இந்த முடிவு பலருக்குக் கசந்தது. எனக்கும் அதைப் படிக்க எளிதாயில்லை. ஆயினும், அந்தக் காரணங்கள் 2007-லேயே தெரிந்தவைதாம்; அவற்றை எடைபோட ஒன்பது ஆண்டுகள் ஆனதே குறை.

பழனியைச் சேர்ந்த குடும்பத்தார் சம்பந்தப்பட்ட உடுமலைப்பேட்டை ஆணவக் கொலை வழக்கில், 2017-இல் தூக்கு விதிக்கப்பட்ட ஆறு பேரில் ஒருவரை 2020 ஜூனில் சென்னை ஹைகோர்ட் விடுதலை செய்து, ஐவருடைய தண்டனையைத் தள்ளுபடியின்றிக் குறைந்தது 25 ஆண்டு ஆயுள் சிறையாக மாற்றிற்று. தூக்குக்கும் சாதாரண ஆயுளுக்கும் இடையே இப்படியொரு படி 2008-இல் சிரத்தானந்தா வழக்கில் ஏற்பட்டது.

தண்டனையின் அடிவரம்பைச் சட்டமே கட்டிவிட்ட இடங்களில் அப்பீல் கையற்று நிற்கும். போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா 20 கிலோவுக்கு மேற்பட்டால் குறைந்தபட்சம் பத்து ஆண்டும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும். 19 கிலோவானால் கீழ்வரம்பு கிடையாது. மூட்டைக்கு உரியவன் வேறு, கூலிக்கு வண்டி ஓட்டியவன் வேறு என்று தெரிந்தாலும், 21 கிலோ நிரூபணமாகிவிட்டால் எந்த மேல்கோர்ட்டும் பத்துக்குக் கீழே இறங்க முடியாது. சிறார்மீதான பாலியல் குற்றச் சட்டத்திலும் இத்தகைய வரம்புகள் உண்டு. இவற்றில் சிலவற்றின் அவசியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வரம்பும், பின்ஹேயின் விவேகத்துக்கு அஞ்சி ஒயிட்டின் விவேகத்தையும் சேர்த்துப் பறிப்பது என்பதைச் சட்டம் செய்வோர் உணர வேண்டும்.

திண்டுக்கல்லார்க்கு இப்போது வழி முன்னைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. 2004 ஜூலை 24-இல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை திறக்கப்படும்வரை, ஸெஷன்ஸ் தண்டனையை எதிர்க்க விரும்பிய குடும்பம் சென்னைக்கு இரவு ரயில் ஏற வேண்டியிருந்தது. இன்று ஒரு பகலில் போய்த் திரும்பலாம். தூரம் குறைந்தது, காத்திருப்பு குறையவில்லை. ஐந்தாண்டுத் தண்டனைக்காரனின் அப்பீல் விசாரணைக்கு வருவதற்குள் ஐந்தாண்டும் கழிந்துவிடுவது உண்டு. ஆகையால்தான் அப்பீல் முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனு, அப்பீலைப் போலவே முக்கியமானதாகிறது.

உறவினர் எவரேனும் தண்டிக்கப்பட்டிருந்தால் வாசகர் அறிய வேண்டியவை இவை. தீர்ப்பின் நகலைத் தண்டிக்கப்பட்டவருக்கு இலவசமாகத் தர வேண்டும். மாஜிஸ்திரேட் கோர்ட் தண்டனைக்கு 30 நாளில் ஸெஷன்ஸ் கோர்ட்டிலும், ஸெஷன்ஸ் கோர்ட் தண்டனைக்கு 60 நாளில் ஹைகோர்ட்டிலும் அப்பீல் செய்ய வேண்டும். தூக்குத் தண்டனையானால் கெடு 30 நாளே. சிறையிலிருந்தபடியே கண்காணிப்பாளர் மூலமும் மனு அனுப்பலாம்; வசதியற்றவருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீலை ஏற்பாடு செய்யும். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவரும் ஸெஷன்ஸ் கோர்ட் வரையிலான தண்டனையின் அளவை எதிர்க்கலாம். அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடும் என்று கிராமங்களில் ஓர் அச்சம் உண்டு. தண்டிக்கப்பட்டவர் தாமே செய்யும் அப்பீலில் அதைக் கூட்ட முடியாது, அரசாங்கம் தனியே அப்பீல் செய்தாலோ, கோர்ட் தனியே நோட்டீஸ் கொடுத்து விசாரித்தாலோதான் அந்தப் பேச்சு எழும். வக்கீலிடம் போகும்போது, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, தாய்தகப்பனின் வைத்தியச் சீட்டு, முன்பு வழக்கு எதுவும் இல்லை என்பதற்கான ஆதாரம் ஆகியவற்றையும் எடுத்துச் சென்று, மனுவின் அந்தக் கடைசி ஒற்றை வரிக்குக் கீழே அவற்றையும் எழுதும்படி கேளுங்கள்.